ஏழாம் தாழியின் எலும்புகள்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
2024 மாசி 6

அன்புள்ள யூஜினி,

உமது கடிதம் கிடைத்தது. தொலைபேசியில் பேசலாமா என்று கேட்டிருந்தீர். எழுதிக் கேட்டதற்கு எழுதியே மறுமொழி தருவது என் வழக்கம்.

மன்னாரில் எங்கள் காணியில் 1971இல் நடந்த ஈமத்தாழி அகழ்வைப் பற்றிப் புத்தகம் எழுதுவது நல்லது. ஆனால் என் கணவரைச் ‘செல்வந்தர்’ என்று குறிப்பிட்டிருக்கிறீர். செல்வந்தர்கள் கடைத்தெருவிலும் இருப்பார்கள். அவர் முதலியார் வீட்டுப் பிள்ளை. எட்டு மாதம் அகழ்வின் முழுச் செலவையும் ஏற்றார். வெளிநாட்டு நிபுணருக்குத் தம் படுக்கையறையையே கொடுத்தார். அதை எழுதும்.

ஏழாம் தாழியின் எலும்புகளை அவர் விற்றார் என்கிறார்களாம். எங்கள் குடும்பத்தில் எவரும் எலும்பு விற்றதில்லை. இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பேர்ணடெற் ஞானப்பிரகாசம்


மன்னார்
2024 பங்குனி 2

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். ஆனால் அகழ்வுப் பதிவேட்டில் ஏழாம் தாழிக்கு உள்ள கடைசி வரி, ‘ஆய்வுக்காக முதலியார் வீட்டுக்கு’ என்பதுதான். வைகாசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. வேறு சான்று இல்லாவிட்டால், எலும்புகள் அவர் கையில் காணாமற்போயின என்றே எழுத வேண்டிவரும்.

அந்தத் தாழியைத் தோண்டிய பஸ்ரியன் ஐயாவிடம் கேட்டேன். “துரை விக்கேல்லை, பிள்ளை. அம்மாவைக் கேள்” என்று மட்டும் சொன்னார். அம்மா, கேட்கிறேன்.

தங்கள் அன்புள்ள
யூஜினி


வெக்ஸ்போர்ட்
2024 சித்திரை 9

அன்புள்ள யூஜினி,

பஸ்ரியன் உயிரோடு இருப்பது மகிழ்ச்சி. ஐம்பது வருடம் வாய் திறக்காதவன்.

1974இல் என் கணவர் இறந்த அன்று, ஏழாம் தாழியின் பெட்டி அவருடைய மேசையில் இருந்தது. பஞ்சில் சுற்றிய எலும்புகள். ஒரு பெண்ணும் குழந்தையும் என்று முன்பே சொல்லியிருந்தார். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல் என்று கன்னியர் மடத்தில் மனப்பாடம் செய்தவள் நான். அவரை மட்டும் கொண்டுபோய் அடக்கிவிட்டு, அந்த இருவரையும் மேசையில் விட்டுவைக்க மனம் வரவில்லை. பஸ்ரியனைக் கூப்பிட்டு, சவப்பெட்டியை மூடுமுன் எலும்புகளை அவர் காலடியில் வைத்தேன். குருவானவர் ஒருவருக்கென்று நினைத்து மூவருக்கும் தீர்த்தம் தெளித்தார்.

அந்த இருவரையும் அவர்களுடைய ஆட்கள் தங்கள் முறைப்படி தாழியில் ஏற்கெனவே அடக்கம் செய்திருந்தார்கள் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

விற்றுவிட்டார் என்ற கதை சில வருடங்களில் என் காதுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் கல்லறையைத் திறப்பார்கள். அவர் கள்ளன் என்ற பெயரோடாவது நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவரிடம் கேட்டிருந்தால், கல்லறையைத் திறக்கத்தான் சொல்லியிருப்பார். மற்றவர்களின் கல்லறைகளைத் திறப்பித்த மனிதர்.

“இவ்வளவு காலமும் சொல்லாததை இப்ப ஏனம்மா சொல்லுறியள்?” என்று மகள் ஷரோன் அழுதாள். அச்சில் ஏறினால் நான் போன பிறகும் அந்தப் பழி நிற்கும் என்றேன். பிறகு அவளே என்னை நொத்தாரிசிடம் கூட்டிப்போனாள். கல்லறையைத் திறப்பதற்கான சம்மதப் பத்திரம் இத்துடன் இருக்கிறது.

காலடிப் பக்கத்தை மட்டும் திறவும். ஆய்வு முடிந்ததும் இருவரையும் எடுத்த இடத்திலேயே வையும். கோயில் வளவில் அடக்க வேண்டாம்.

புத்தகத்தில் ‘குடும்பத்தினர்’ என்று மழுப்ப வேண்டாம். எடுத்தவள் மனைவி என்று என் முழுப் பெயரோடு எழுதும்.

மேரி பேர்ணடெற் ஞானப்பிரகாசம்