ஆறாத உலை

மாஹே
16.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகிர்தா எழுதுவது. நானும் காவ்யாவும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். லீவு முடிந்து ஒரு நாள் தாமதமாகப் போனதற்குத் தலைமையாசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மற்றபடி சுகம்.

போனில் கேட்டால் சண்டையாகிவிடும், நீங்களும் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். மாங்கனித் திருவிழாவுக்கு வந்தபோது கோட்டுச்சேரி வீட்டில் உங்கள் சட்டைகளைத் துவைத்தேன். எட்டு வருடமாக அவற்றை ஊறவைத்தால் வாளித் தண்ணீர் பென்சில் கரி கரைந்தது போல மினுமினுப்பாகக் கறுத்துவிடும். இந்தத் தடவை தண்ணீர் தெளிவாக இருந்தது. காலரில்கூடக் கரி இல்லை. கிராஃபைட் உலையில் வேலை செய்கிறவர் காலர் எப்படி அத்தான் வெளுத்தது? டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தினமும் எங்கே போகிறீர்கள்? வேறு யாராவது இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். மாற்றலாகி இங்கே வந்த ஒன்றரை வருடத்தில் எதையும் தாங்கப் பழகிவிட்டேன்.

தூக்கமில்லாமல்,
சுகிர்தா

கோட்டுச்சேரி
21.7.2025

அன்புள்ள சுகி,

படித்துச் சிரித்துவிட்டேன். உனக்கு டீச்சர் வேலைக்குப் பதில் போலீஸ் வேலை கொடுத்திருக்கலாம். பெண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. மே மாதத்திலிருந்து என்னை மாடியில், எலெக்ட்ரோடுகளைப் பரிசோதிக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள். ஏசி அறை, பதவி உயர்வு. நேரில் சொல்லலாம் என்றிருந்தேன், திருவிழாக் கூட்டத்தில் மறந்துவிட்டது.

நம் அம்பலவாணன் பாடுதான் மோசம். நாங்கள் வடக்கே ஒரு எஃகு ஆலைக்கு அனுப்பிய எலெக்ட்ரோடு, தூண் பருமன் கிராஃபைட் தண்டு, அங்கே எஃகை உருக்கும்போதே முறிந்து விழுந்துவிட்டது. தோண்டித் துருவியதில், மார்ச் எட்டாம் தேதி எங்கள் உலையை ஆறுவதற்கு முன்பே யாரோ திறந்தது தெரிந்தது. மூவாயிரம் டிகிரி வரை ஏறின சூடு. மின்சாரத்தை நிறுத்தினாலும் பன்னிரண்டு நாள் கரித்தூள் போர்வைக்குள் கிடந்து ஆற வேண்டும். முன்னாலேயே வாரினால் காற்றுப் புகுந்து உள்ளே வெடிப்பு விடும். என் ஷிப்டுக்கு அடுத்த ஷிப்டு அவன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் பதினெட்டில் கடைசி விசாரணை.

காவ்யாவுக்கு முத்தம். அங்கே விட்டு வந்த என் பழைய ஷூவைத் தூக்கிப் போட்டுவிடு. சும்மா அடைசல்.

உன்
சிவராமன்

மாஹே
26.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஷூ இங்கே இருக்கிற நினைவே எனக்கில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அடிப்பாகம் உருகி இறுகிக் கிடக்கிறது. அதில் கரித்தூள் புதைந்திருக்கிறது. மார்ச்சில் வந்து கழற்றிப் போட்டபோது, வெயிலில் இளகின தார் ரோட்டில் நடந்தேன் என்றீர்கள். தார் இப்படி மினுங்குமா அத்தான்?

காவ்யா பிறந்தநாள் மார்ச் ஒன்பது. உலை செவ்வாய்க்கிழமைதான் ஆறும், அதுவரை நகர முடியாது என்றீர்கள். நான் போனில் கத்தினேன்: "இந்த வருசமும் புள்ள பொறந்தநாளுக்கு வரலேன்னா, அப்புறம் வரவே வேணாங்க." ஞாயிறு காலையில் ஷிப்டு உடுப்போடு, கையில் கேக்கோடு வாசலில் நின்றீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம், வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

உலையைத் திறந்தது யார்? ஒரு வரி போதும்.

சுகிர்தா

கோட்டுச்சேரி
31.7.2025

சுகி,

நான்தான். ஒன்பதாம் நாளே போர்வையை வாரிவிட்டேன். மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். விசாரித்தபோது, "நான் போறப்ப மூடித்தாங்க இருந்துச்சு" என்று வாயில் வந்துவிட்டது. மறுவாரமே என்னை மாடிக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது?

இப்போது சொன்னால் வேலை போகும். உன் ஒருத்தி சம்பளத்தில் இரண்டு வீடு ஓடுமா? அம்பலவாணனுக்குக் கருக்களாச்சேரியில் அண்ணன் போட் இருக்கிறது, கடலுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வான். நமக்கு என்ன இருக்கிறது? ஷூவை எரித்துவிடு. உனக்காகத்தானே வந்தேன்.

சிவராமன்

மாஹே
9.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. கோபம் தணியட்டும் என்று பார்த்தேன், தணியவில்லை. எனக்காகத்தான் வந்தீர்கள், மறுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. அதற்காக அம்பலவாணன் தலைகுனிந்து நிற்பதா? திருவிழாவில் அவர் மனைவி மாரிக்கண்ணு என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். என்ன தலைக்கனம் என்று நினைத்தேன். அவளுக்கு உங்கள் மேல் அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் சட்டை துவைக்கும்வரை வரவில்லை.

ஷூவை எரிக்கவில்லை. உள்ளே கம்பெனியில் உங்களுக்குக் கொடுத்த டோக்கன் நம்பர் அழியாமல் இருக்கிறது. நீங்கள் என்றைக்கு, எந்தக் கோலத்தில் இங்கே வந்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஷூவோடு சேர்த்துக் கட்டி, கருக்களாச்சேரிக்கு அம்பலவாணன் பெயருக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன்.

அது சாதாரணப் பார்சல். போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்ட், இரண்டு மூன்று நாளில் உங்கள் கையில் இருக்கும். நீங்களே முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டால், அவர்கள் பிரிக்கும்போது அது வெறும் பழைய ஷூ.

அப்பா எப்போது வருவார் என்று காவ்யா கேட்கிறாள். பதினெட்டாம் தேதிக்குப் பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

சுகிர்தா