மச்சானின் படகு

ஜூன் 3, செவ்வாய்
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. திட்ட ஆளில்லை. நானே துடைத்தேன்.

பட்டறைக்கு மச்சானின் பயணிகள் படகு வந்திருக்கிறது. எஞ்சின் ஓடினால் படகே உதறுகிறதாம். அவன் தங்கை என்னை விவாகரத்து செய்துவிட்டுப் போய் இரண்டு வருடம். இன்னும் மச்சான் என்றுதான் எழுத வருகிறது. வேறு என்னவென்று எழுத? என் முகத்தைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் கேட்டான்: "இவரா பார்க்கப் போறாரு?"

முன்பெல்லாம் வாடா, போடாதான்.

ஜூன் 4, புதன்
எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கத்து ரப்பர்கள் எண்ணெயில் ஊறி நசுங்கிக் கிடக்கின்றன. எஞ்சின் பின்னால் சரிந்துவிட்டது. படகின் விசிறியைச் சுழற்றும் ஷாப்ட்டோடு நேராக இல்லை. "நட்டை முறுக்கி அனுப்பிடு" என்றார் மேஸ்திரி. மாட்டேன் என்றேன். நடு ஆற்றில் ஷாப்ட் முறிந்தால்? படகு நிறைய ஜனம்.

"எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றான் மச்சான். மேஸ்திரியிடம்தான்.

ஜூன் 6, வெள்ளி
புது ரப்பர் போட்டாயிற்று. எஞ்சின் பாரத்தில் அமுங்கட்டும் என்று விட்டிருக்கிறேன். மச்சான் வந்து கரையில் நின்றுவிட்டுப் போனான்.

ஜூன் 9, திங்கள்
படகைத் தண்ணீரில் இறக்கி எஞ்சினை நேர்செய்தேன். எஞ்சினும் ஷாப்ட்டும் சேரும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து, சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாப்ட்டைத் திருப்ப இன்னொரு கை தேவை. பட்டறையின் உதவி ஆள் வரவில்லை. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான்.

"கொஞ்சம் சுத்துங்க."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

தோளோடு தோள் இடிக்க, வெகுநேரம் இதுதான் பேச்சு. நட்டை ஏற்றி, இறக்கி, கடைசியில் தகடு எல்லாப் பக்கமும் ஒரே பிடியாக நுழைந்தது. அப்போது சொன்னான்:

"வேற யாரும் சொல்லி உன் காதுல விழக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்குக் கல்யாணம்."

"அவர் நல்லவரா?" கேட்டது நான்தானா?

"நல்லவர்தான்."

மவுண்டிங் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்
ஓட்டிப் பார்த்தோம். உதறல் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். இப்ப எதுக்குடா அழற? அவ போயி ரெண்டு வருஷமாச்சு — இன்னைக்கா போனா?

ஜூன் 13, வெள்ளி
மச்சான் பட்டறைக்கு வந்தான். "ஞாயித்துக்கிழமை நான் கல்யாணத்துல இருப்பேன், படகை வேற ஆள் ஓட்டுறான். புது மவுண்டிங்கு. எஞ்சின் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட இருந்தா நல்லது. காலையிலேருந்து கடைசி நடை வரைக்கும் இருக்கிறியா?"

அந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. அது அவனுக்கும் தெரியும். அன்றைக்கு வீட்டில் நான் தனியாகக் கிடப்பேன் என்பதும் தெரியும்.

இருக்கிறேன் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு
நாள் முழுக்கப் படகில். நல்ல கூட்டம். ஒரு அம்மா இறங்கும்போது பையைப் பிடிக்கச் சொன்னார். நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், எதுவும் தளரவில்லை. கடைசி நடையில் பக்கத்து இருக்கைக்காரர், யாரோ, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. அக்கரை வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.