இங்கே ஜெனரல் கூவணும்

பிப்ரவரி 7

இன்று பற்பசைக் கம்பெனியின் குறும்படப் போட்டியை ஒதுக்கினேன். படத்தில் ஒரு புன்னகையாவது பல் தெரிய வர வேண்டும் என்பது விதி. என் படத்தின் நாயகன் சேவல்.

நேற்று ஒதுக்கியது காப்பிக் கம்பெனியின் போட்டி. அதில் யாராவது காப்பி குடித்தே ஆக வேண்டும். "கோழிக்கு ஒரு கப் ஊத்திக் குடுத்துரு. ரெண்டு நாள் வரையற வேலைதானே?" என்றாள் டெஸா. என் அறைத்தோழி. எல்லாவற்றுக்கும் அவளிடம் ரெண்டு நாளில் முடிகிற வழி ஒன்று இருக்கும். ஒரு நிமிடம் சபலப்பட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கடைசி வருட அனிமேஷன் மாணவர்களுக்கு வில்யாரோசா மேம் வைத்த நிபந்தனை இது: வெளி நடுவர்கள் உள்ள ஏதாவது ஒரு போட்டியில் படம் திரையிடலுக்குத் தேர்வாக வேண்டும். மே முடிவதற்குள். தேர்வானால்தான் அவர் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் பட்டமளிப்பு அடுத்த வருடம்.

இதற்கு மேல் நானே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் இயக்குநர் மேடையேறிப் பேச வேண்டிய போட்டி எனக்கு வேண்டாம்.

இந்த ஒரு சல்லடையில் பிலிப்பைன்ஸ் போட்டிகள் அத்தனையும் கீழே விழுந்துவிட்டன.

பிப்ரவரி 8

வெளிநாட்டுப் போட்டிகளுக்கு இயக்குநர் வர வேண்டியதில்லை. வெளிநாடுகள் எவ்வளவு நல்லவை.

பிப்ரவரி 15

அப்பா போன் செய்தார். வழக்கம்போல டெஸா எடுத்து, என் குரலில் இரண்டு தடவை "ம்ம்" சொல்லிவிட்டு, அப்பா என்று தெரிந்ததும் என்னிடம் தந்தாள். தெரியாத எண் என்றால் முழுப் பேச்சையும் அவளே பேசி முடிப்பாள். பல் டாக்டர், வங்கி, கூரியர்காரர் எல்லோருக்கும் நெர்லிசா என்றால் டெஸாதான். அப்பாவுக்கு மட்டும் நான் இன்டாய், செல்ல மகள்.

அப்பா பட்டமளிப்பு பேனர் அடித்துவிட்டாராம். பிப்ரவரியில்.

"பேனர் கடை திறப்பு விழா இன்டாய். பாதி விலைக்கு அடிச்சுக் குடுத்தான். விடலாமா?"

"நான் இன்னும் பாஸே ஆகலப்பா."

"அதான் தேதி போடல. என்னிக்கு வேணா கட்டிக்கலாம்."

பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கி இருக்கிறார். ஒரு கண் பாதி மூடியிருக்கும் அதே படம். சுருட்டி வைத்தால் எலி கடிக்கும் என்று, இப்போதைக்கு ஜெனரலின் கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறாராம். ஜெனரல் எங்கள் வீட்டுச் சண்டைச் சேவல்; என் படத்து நாயகனும் அதுதான். அப்பா வாடகை டிரைசைக்கிள் ஓட்டிவிட்டு வந்து, கை கால் கழுவுமுன் அதற்குத் தொடை பிடித்துவிடுவார். அம்மாவுக்கு இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாள் பிடித்துவிட்டதில்லை.

ஆக, எங்கள் ஊர் எஸ்தான்சியாவில் சந்து முழுக்க நான் பட்டதாரி ஆகிவிட்டேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இப்போது கோழிக்கூண்டின் மேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26

குரல் பதிவு முடிந்தது.

எங்கள் வேலையில் குரல்தான் முதலில். குரலைக் கேட்டுத்தான் வாயசைவு வரைவோம். நல்ல குரல் கிடைக்கும்வரை வரைகிறவரே எல்லாருக்கும் பேசி ஒரு தற்காலிகக் குரல் வைத்துக்கொள்வது வழக்கம். பிறகு அதைத் தூக்கி எறிந்துவிடலாம். நான் போன டிசம்பரில் அலமாரிக்குள் உட்கார்ந்து, துணிகளுக்கு நடுவில், சேவலுக்கும் மூன்று கோழிகளுக்கும் பேசியிருந்தேன். நடுநடுவே எனக்கு நானே குறிப்பும் சொல்லியிருக்கிறேன். இங்கே கதவு சத்தம். இங்கே இசை, டிங் டிங்னு வச்சுக்குங்க. கிசுகிசுப்பாகத்தான். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நாடகக் குழுவில் இருக்கும் ஜோமார் இன்று ஜெனரலுக்கு உண்மையான குரல் கொடுத்தான். நாலு நாள் தேன் குடித்துவிட்டு வந்தானாம். அவன் கூவியதும் கீழே சமையல்காரர் வந்து, யார் கோழி கொண்டுவந்தது என்று கேட்டார். கோழிகளுக்கு அவன் குழுப் பெண்கள் பேசினார்கள்.

"டைரக்டரம்மா, திருப்தியா?"

தலையாட்டினேன். பிரமாதமாகத்தான் இருந்தது. நான் வரைந்த ஜெனரல் கூட்டத்தின் முன்னால் கூவப் பயப்படுகிற சேவல். ஜோமாரின் ஜெனரல் எதற்குமே பயப்படுகிறவனாகத் தெரியவில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

மார்ச் 3

இரண்டு வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்பியாயிற்று. மேம் படத்தைப் பார்த்துவிட்டு இருமினார். அவர் எதையும் மறுக்குமுன் இரண்டு தடவை இருமுவார்; இரண்டாவதை இழுப்பார்.

"அலகு ஒரு பக்கம் போகுது, குரல் ஒரு பக்கம் போகுது, மிஸ் சல்வாசியோன்."

உண்மைதான். நான் என் குரலுக்கு வரைந்த அலகு. ஜோமார் ஒவ்வொரு வசனத்தையும் இழுத்து நிறுத்தி மேடைக்குப் பேசுகிறான்.

மார்ச் 14

இரண்டு நாளாக அலகு திருத்தினேன். ஜோமார் கூட்டத்தின் குரல்களை அணைத்துவிட்டு என் பழைய குரலைப் போட்டுப் பார்ப்பது, பிறகு மாற்றிப் போட்டுப் பார்ப்பது, இப்படியே.

இன்று கடைசி நாள் என்று பக்கோலோட் நகரத்துப் போட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள் டெஸா. விசாயாஸ் தீவுகளின் மாணவர் அனிமேஷன் போட்டி. இயக்குநர் கட்டாயம் வர வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் முன்பே தள்ளியது.

"செலக்ட் ஆனாத்தானேடி பேசணும்? நீ எங்க செலக்ட் ஆகப்போறே?"

மிகவும் ஆறுதலாக இருந்தது. அனுப்பிவிட்டேன். திரும்ப ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பட்சோய் நூடுல்ஸ் கடை மூடிவிடும்.

ஏப்ரல் 10

ஒரு நாடு மறுத்துவிட்டது. மிக மரியாதையாக.

ஏப்ரல் 23

இன்னொரு நாடும். இதில் மரியாதை கொஞ்சம் குறைவு. என் பெயரை நெல்சன் என்று போட்டிருந்தார்கள்.

அப்பா போன். அம்மாவின் தம்பி குடும்பம் பட்டமளிப்புக்குப் படகேறி வருகிறதாம். "தேதி மட்டும் சொல்லு இன்டாய்." ம்ம் என்றேன். டெஸாவின் ம்ம் இதைவிட நன்றாக இருக்கும்.

மே 6

பக்கோலோட் தேர்வு செய்துவிட்டது.

டெஸா கட்டிலில் ஏறிக் குதித்தாள். நான் கடிதத்தின் அடியில் நடுவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். "எங்கேயோ ஒளிந்துகொண்டு தயங்கித் தயங்கிக் கதை சொல்லும் அந்தப் பெண்குரல் அருமையான யோசனை."

எந்தப் பெண்குரல்?

படத்தைத் திறந்து ஓட்டினோம். அலகு சரிபார்க்கப் போனவள், ஜோமாரின் வாயை அடைத்துவிட்டு என் வாயைத் திறந்துவைத்தபடியே அனுப்பியிருக்கிறேன். முழுப் படமும் நான். ஜெனரலும் நான், கோழிகளும் நான், டிங் டிங்கும் நான். கிழட்டுப் பெட்டைக்கோழி வருகிற இடத்தில் என் கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்கிறது: "இங்க கோழி முடியாதுன்னு சொல்லணும். வில்யாரோசா மேம் இருமுற மாதிரி. உஹும். உஹும்ம்ம்."

டெஸா சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தாள். அடிபட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

மே 7

சரியான படத்தை அனுப்பட்டுமா என்று போட்டிக்காரர்களுக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில். நாங்கள் தேர்ந்தது இந்தப் படத்தை. மாற்றினால் நடுவர்கள் மறுபடி பார்க்க வேண்டும். அவர்கள் இனி கூடப்போவதில்லை.

ஆக இரண்டே வழி. விலகிக்கொண்டால் கையெழுத்து இல்லை. திரையிட்டால், எங்களோடு வந்து முன்வரிசையில் உட்காரப்போகும் மேம் தன் இருமலைத் தானே கேட்டுவிட்டு, என்ன கையெழுத்துப் போடுவார்?

மூன்றாவது வழியாக, அன்று மேமுக்குக் காய்ச்சல் வரலாம். கடவுளே, சின்னக் காய்ச்சல்தான் கேட்கிறேன்.

மதியம் படத்தை மறுபடி பார்த்தேன், தனியாக. கடைசியில் சண்டைக்களம் நிறைய ஆட்கள், நடுவில் ஜெனரல். என் குரல் சொல்கிறது: "இங்க ஜெனரல் கூவணும். நல்லா கூவுறவங்க யாராவது கூவுவாங்க. எனக்கு வராது." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. துணி உரசுகிற சத்தம். பிறகு, ரொம்பச் சின்னதாக, ஒரு கொக்கரக்கோ.

அலகு அச்சாகப் பொருந்துகிறது.

இது இப்படியே போகட்டும். போட்டிக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன். போகட்டும்.

மே 9

ஜோமாரிடம் சொன்னேன். கேன்டீனில், அவன் வாய் நிறைய சோறு இருக்கும் சமயம் பார்த்து. அப்போதுதான் உடனே கத்த முடியாது.

விழுங்கினான். "நாலு நாள். நாலு நாள் தேன் குடிச்சேன் அந்தக் கோழிக்கு."

"சேவல்."

"எங்கம்மா பக்கோலோட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. எம்மவன் குரலக் கேக்கணும்னு."

"பேர் போடுறப்ப நன்றின்னு வரும், ஜோமார்."

"நன்றி எத்தன வினாடி வரும்?"

"மூணு."

"அஞ்சாக்கு. வரேன்."

மே 18

பக்கோலோட். மேமுக்குக் காய்ச்சல் வரவில்லை. படகில் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

என் படம் கடைசிக்கு முன்னால். விளக்கு அணைந்தது. அரங்கம் முழுக்க என் மூச்சு. இவ்வளவு பெரிதாக நான் எங்கும் இருந்ததில்லை. "இங்க இசை, டிங் டிங்னு வச்சுக்குங்க" என்றதும் முதல் சிரிப்பு எழுந்தது. பிறகு கோழி வந்தது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் இருந்த வரிசை அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தது. மேமின் பின்தலை மட்டும் அசையவில்லை. நான் அந்தப் பின்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தையல்ல.

கடைசியில், எனக்கு வராது என்று குரல் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. கூவல் முடிந்தது. அதன் பிறகு கைதட்டினார்கள்.

மேடையில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அது நான் நினைத்ததைவிடக் கனம். ஒரு நடுவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு ஏன் சத்தமாக் கூவத் தயங்குறா? சமூகம் அவளை அடக்கி வச்சிருக்குன்னு எடுத்துக்கலாமா?"

முன்வரிசையில் டெஸா, ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு என்று வாயசைத்தாள்.

"பக்கத்து ரூம்ல பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தாங்க சார்" என்றேன்.

இவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து, அது எனக்கு வலிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு ஜோமாரின் அம்மா எங்களைச் சுட்ட கோழி சாப்பிடக் கூட்டிப்போனார். எனக்குக் கை போகவில்லை. ஜோமார் இரண்டாவது காலை எடுத்தான்.

"சேவல் படத்துக்கு வந்துட்டு கோழி தின்றியேடா" என்றாள் டெஸா.

"நடிச்சது நானா? இல்லையே. எனக்கென்ன பாவம்?"

மேம் எங்களுக்குக் காத்திருக்காமல் முந்தைய படகிலேயே போய்விட்டாராம்.

மே 20

மேம் கூப்பிட்டனுப்பினார். காகிதம் மேசைமேல், பேனா மூடியபடி.

"நான் அப்படியா இருமுறேன்?"

பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் அவர் விடவில்லை.

"உன்னத்தான் கேக்குறேன்."

"ரெண்டாவத இன்னும் கொஞ்சம் இழுப்பீங்க மேம்."

பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். நீட்டும்போது தொண்டையில் ஏதோ வந்தது, அடக்கிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பாவமாக இருந்தது.

வாசலைத் தாண்டியதும் உள்ளே இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை.

ஜூன் 30

ஊரில் சந்து முனையில் பேனர் கட்டியாயிற்று. அப்பா மூன்று தடவை கழுவியும் என் இடது கன்னத்தில் ஜெனரலின் எச்சம் போகவில்லை. "மச்சம்னு நெனச்சுக்குவாங்க" என்கிறார். கூரை போன கோபத்தில் ஜெனரல் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன். டெஸா விருந்துக்கு வந்திருந்தாள், ஆனால் கையெல்லாம் பன்றி வறுவல் எண்ணெய். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

டெங்கு விழிப்புணர்வுக்கு ஒரு கார்ட்டூன் எடுக்கிறார்களாம். பக்கோலோட்டில் என் படம் பார்த்தவர்கள். கொசுவுக்குப் பேச ஆள் வேண்டும், நீங்கள்தான் நெர்லிசாவா என்று கேட்டார் ஒருவர்.

டெஸா எண்ணெய்க் கையை நீட்டினாள்.

"நான்தான்" என்றேன். "ஆண் கொசுவா, பெண் கொசுவா?"