கடைசி நிமிடத்தில் பந்தை வைத்தது யார்

ஞாயிறு, இரவு

எங்கள் ரக்பி கிளப்பின் ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது. பிழை பார்க்கச் சொல்லி, செயலாளர் குமரன் இன்று அடையாறு டீக்கடையில் வைத்துப் பக்கங்களைக் கொடுத்தார். பெண்கள் அணி முதல் கோப்பை வென்ற கதையும் அதில் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டி, வெற்றிப் புள்ளிக்காகப் பந்தைத் தரையில் வைத்தது சுகந்தி என்று போட்டிருக்கிறார்கள். வைத்தது நான்.

"பழைய ஸ்கோர் ஷீட்ல அப்டித்தான்மா கீது," என்றார். காட்டச் சொன்னேன். அது வெள்ளத்தோடு போய்விட்டதாம். போன தாளை எப்போது பார்த்து எழுதினார்?

சுகந்திக்குப் போன் போட்டேன். எனக்குப் பந்தை வீசியவளே அவள்தான். "யாரு வெச்சா இன்னாடி, ஜெயிச்சோம்ல?" என்று சிரித்தாள். அடுத்த மாதத்திலிருந்து கிளப்புக்கு அவள்தான் கோச். அதை அவள் சொல்லவில்லை, மலரில்தான் படித்தேன்.

இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களா? இல்லை, நானாக எதையோ நினைத்துக்கொள்கிறேனா?

அன்றைக்கு எதிரணியில் ஆடிய சிந்தாதிரிப்பேட்டை மேரி, என் காலைப் பிடிக்கப் பாய்ந்து, பிடி நழுவி முகம் குப்புற விழுந்தாள். அவள் மறந்திருக்க மாட்டாள். நாளைக்கு அவளைப் போய்க் கேட்கப்போகிறேன்.