வண்டி இல்லை, பம்புதான்

மார்ச் 9, 1943. செவ்வாய்.
ஜப்பான்காரன் கணக்கில் வருஷம் 2603. வெயில். ரப்பர் மரமெல்லாம் மொட்டை. காலையில் இரண்டு மணி நேரம் பம்பு ஓடியது, ஆற்றிலிருந்து கூலிகளின் லைன் வீடுகளுக்கு. எண்ணெய்: ரப்பர் கட்டியைக் காய்ச்சி வடித்தது. நாற்றம்.

கூலிம் டவுனிலிருந்து ஜப்பான்காரன் உத்தரவு. மோட்டார் சைக்கிள்களை ஒப்படைக்க வேண்டும். மறைத்தால் சயாமுக்கு, ஆளைக் கொல்லும் ரயில் பாதை வேலைக்கு. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்தார்.

"தம்பி, வெள்ளக்காரத் தொர விட்டுட்டு ஓடுன மோட்டார் சைக்கிள் எங்க?"

"அப்படி ஒண்ணும் இல்லண்ணே."

பொய்யில்லை. மோட்டார் சைக்கிள் என்றால் என்ன? இரண்டு சக்கரம், நடுவில் எஞ்சின், மேலே ஓர் ஆள். எஞ்சினை நான்தான் கழற்றிப் பம்பில் பூட்டினேன். சக்கரங்கள் என் கட்டிலுக்கு அடியில். ஆக, வண்டி கிடையாது. தொழிற்பள்ளியில் படித்தவனுக்கு விளங்கும். ஜப்பான்காரனுக்கு?

மார்ச் 10. புதன்.
பம்புக் கொட்டகையில் கிராணி. எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார், நோட்டில் எழுதினார். என்னைக் கண்டதும் மூடிவிட்டார். எல்லோரும் மரவள்ளி தின்கிறோம். அவர் வீட்டில் மட்டும் சோறு. எப்படி? இவர்தான் காட்டிக் கொடுப்பார்.

குழாயடியில் அஞ்சலை அக்கா, ஏழு மாத வயிறு. "எஞ்சினத் தூக்கிட்டான்னா நான் ஆத்துக்கு நடக்கணும்லா. போகவே ஒரு மைலு."

மார்ச் 12. வெள்ளி.
ஜப்பான் அதிகாரி வந்தான், மோட்டார் சைக்கிளில். கிராணி நோட்டைக் காட்டினார்: பம்பு ஒன்று, மோட்டார் சைக்கிள் இல்லை. அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான்.

வண்டி கிளம்பவில்லை. உதைத்தான், உதைத்தான். மடையன். ஸ்பார்க் பிளக்கில் கரி, சத்தத்திலேயே தெரிகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. பழையதைக் கழற்றி, பம்பு எஞ்சினுக்கென்று என் சட்டைப்பையில் வைத்திருந்த பிளக்கை மாட்டினேன். ஒரே உதை. ஓடியது.

அதிகாரி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, பிளக் வந்த என் சட்டைப்பையைத் தட்டினான். "மானா மோட்டோர்?" மோட்டார் எங்கே என்று மலாயில்.

"பம்புக்கு உள்ளது, துவான்," என்றார் கிராணி, ஐயா போட்டுப் பணிவாக.

கொட்டகைக்கு நடந்தான். எஞ்சினின் பக்கத்தில், மோட்டார் சைக்கிளைக் கிளப்ப உதைக்கும் கட்டை அப்படியே இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலால் ஒரு மிதி மிதித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

கிராணிக்கு இரண்டு அறை, உதடு கிழிந்தது. எனக்கு அடியில்லை: மெக்கானிக் வேண்டுமாம். எஞ்சினை நானே கழற்றிக் கொடுத்தேன். நாளை அதோடு நானும் கூலிமுக்கு.

கிராணி உதட்டைத் துடைத்தபடி: "மூணு நாளா ஒனக்காகப் பொய்க் கணக்கு எழுதுனேன்லா. அவன் வண்டி நின்னா ஒனக்கு என்னடா?"

அஞ்சலை அக்கா குடத்தோடு ஆற்றுப் பக்கம் போகிறார்.