சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு சாலை

நம் தெருவில் சாலை போடுகிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. தண்ணீர் தெளித்த செம்மண் சரளையின் வாசனை. நீங்கள் ஆலை வேலைக்குப் போன பிறகும் உங்கள் சட்டைக் கழுத்தில் மிச்சம் இருப்பதாக நான் பிடிவாதமாக நம்பிய வாசனை. நீங்கள் கண்ணை மூடி இரண்டாவது மழைக்காலம் இது. சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டேன், வாசனையும் அவற்றோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். ஊர்ச் சபையின் கொம்யூன்காரர்கள் அதை ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து நம் வாசலிலேயே கொட்டிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் உருளையை மாடு இழுப்பதில்லை. புகை விட்டுக்கொண்டு தானே நகர்கிற நீராவி உருளை வந்திருக்கிறது. தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அதன் பின்னாலேயே தெருக்கோடி வரைக்கும் நடந்திருப்பீர்கள். நான் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்திருப்பேன்.

உருளை நகர்ந்த பிறகு, சாலை போட்டதும் நீங்கள் ஊற்றிப் பார்ப்பதுபோல, நான் உங்கள் பித்தளைச் சொம்பை எடுத்துப்போய்ச் சாலை நடுவில் தண்ணீர் ஊற்றினேன். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல நம் வாசல் பக்கமாக வந்து குட்டையாக நின்றுகொண்டது.

"ஏம்பா, தண்ணி நிக்குது பாரு," என்றேன் மேஸ்திரியிடம்.

"மழ வந்தா அதுவா போய்டும்மா," என்றான்.

நல்லவேளை, நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று முழுவதும் யாரோடும் பேசியிருக்க மாட்டீர்கள்.

கல்யாணமான புதிதில் எனக்கு என்னென்னவோ ஆசைகள் இருந்தன. கொம்யூனில் ரோட்டு மேஸ்திரி என்று சொல்லித்தான் உங்களுக்கு என்னைக் கொடுத்தார்கள். சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம், பாண்டு வாத்தியம் கேட்போம், கன்னிமார் மடத்துப் பள்ளியில் படித்த பிரெஞ்சில் ஒன்றிரண்டு வார்த்தை பேசி உங்களை மிரட்டலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களோ என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கனகசெட்டிக்குளத்துப் பக்கம் கொண்டுபோய், சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு ஓலைக் குடிசையில் இறக்கினீர்கள். மழைக்கு முன்னால் அங்கே சாலை போட்டு முடிக்க வேண்டும், அதுவரை இதுதான் வீடு என்றீர்கள். கஞ்சியில் மணல். தலையணையில் மணல். ஜெபமாலையின் மணிகளுக்கு நடுவில் கூட மணல். எனக்கு அழுகையாக வந்தது.

ஆனால் இன்று கண்ணை மூடினால் அந்த வீடுதான் வருகிறது. அங்கிருந்து கடல் தெரியாது, ஓசை மட்டும் கேட்கும். சவுக்கின் இரைச்சல் மழை பெய்வதுபோலவே இருக்கும். அதைக் கேட்டு நீங்கள் பதறி எழுந்து, ஓலைக் கதவைத் தள்ளிக் கையை வெளியே நீட்டிப் பார்ப்பீர்கள். கை நனையாது. "மழ இல்ல, தூங்கு," என்று எனக்குச் சொல்வீர்கள், தூங்காமல் இருந்தது நீங்கள்தான் என்றாலும். விடியும்போது வெள்ளையாக ஒரு ஈரம் தரையோடு படர்ந்திருக்கும். அதற்குள் மீன் கூடைகளோடு பெண்கள் பெரிய மார்க்கெட்டுக்குப் போவார்கள். கால் தெரியாது. கூடைகள் மட்டும் காற்றில் மிதந்து போகும்.

அந்தச் சாலை ஒரு விசித்திரம். எல்லைக்கோடு அதன் நடுவிலேயே ஓடியது. இந்தப் பாதி பிரெஞ்சுக்காரனுடையது, அந்தப் பாதி இங்கிலீஷ்காரனுடையது. இந்த ஓரத்தில் கிலோமீட்டர் கல், அந்த ஓரத்தில் மைல் கல். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். வண்டிகள் மட்டும் இரண்டு தேசத்துக்கும் ஒவ்வொரு சக்கரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

நகரத்தில் இருந்த கொம்யூன் சபை உங்களுக்கு அனுப்பிய உத்தரவு இதுதான்: நடுக்கோட்டிலிருந்து நம் பக்கத்தை மட்டும் சரளை கொட்டி உயர்த்த வேண்டும். படித்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். சாலை என்றால் ஆமை முதுகு மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டும், பாதி ஆமையை எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும்? சிரித்து வைத்தேன்.

செங்கேணி வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நம் குடிசைக்கு நேர் எதிரே, இங்கிலீஷ் பக்கத்துப் பள்ளத்தில் இருந்த மீன்காரி. சாலையின் குறுக்கே நடந்துவந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மேஸ்திரி ஐயா, உங்க பக்கத்த மட்டும் ஒசத்திட்டா மழத் தண்ணி எங்க போவும்? எங்க வூட்டுக்குத்தான வரும்? போன மழைக்கே செவுரு சாஞ்சிச்சி. இன்னும் முழுசா எழுப்பல."

 அன்று நீங்கள் சாப்பிடவில்லை. "உங்களுக்கு என்ன உத்தரவோ அத செஞ்சிட்டு வாங்க, அது இங்கிலீஷ்காரன் ஊரு," என்றேன் நான். "தண்ணிக்கு அது தெரியாதே," என்றீர்கள்.

அதைச் சொல்லத்தான் நகரத்துக்குப் போனீர்கள். சபையில் ஒருவர் இருந்தாரே, வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளைக் குடையோடு வருகிறவர், அவர் மேஜையைத் தட்டி, "நம்ம மண்ணு ஒரு கூடை அந்தப் பக்கம் போனாலும் உமக்கு வேல இல்ல," என்று சொல்லி அனுப்பினார். சபைத் தலைவரான முசியே மேர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் திரும்பி வந்து இதை அப்படியே செங்கேணியிடம் சொன்னீர்கள். எனக்குக் கோபம். சபைச் சமாசாரத்தை மீன்காரியிடம் சொல்வார்களா?

அவளோ கொஞ்சமும் அசரவில்லை. "உங்க மண்ணு உங்களுக்கே இருக்கட்டும். கிளிஞ்சல கடலு குடுக்குது. அது எந்த ஊருதுன்னு எவன் கேப்பான்?"

அப்படித்தான் அது தொடங்கியது. மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்கள், வெறுங்கூடையை இறக்கி வைக்காமல் நேரே கரைக்குப் போய்க் கிளிஞ்சல் அள்ளிவந்து அந்தப் பாதியில் கொட்டினார்கள். இந்தப் பக்கத்துப் பெண்களும் கொட்டினார்கள், அந்தப் பக்கத்துப் பெண்களும் கொட்டினார்கள். பொழுது போகாமல் நானும் ஒரு கூடை தூக்கினேன். கழுத்து இறங்கிப்போயிற்று. நீங்கள் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டீர்கள், நான் உங்கள் சிரிப்பைப் பார்க்கக் கூடாதென்று. நம் பாதி சரளைச் சிவப்பு, அவர்கள் பாதி கிளிஞ்சல் வெள்ளை. சாயங்கால வெயிலில் அந்தச் சாலை யாரோ கனவில் நெய்து விரித்த புடவை போலக் கிடந்தது.

இனி கல் உருளையை ஓட்டி இறுக்க வேண்டியதுதான் பாக்கி. நகரத்திலிருந்து நடுவில் கிடக்கும் இங்கிலீஷ் மண்ணைத் தாண்டித்தான் உருளை வர வேண்டும் என்பதால், அவர்களுடைய சுங்கச் சாவடியில் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் கொண்டுவந்திருந்தீர்கள். சிவப்புப் பாதியில் ஓட்டி முடித்து, வெள்ளைப் பாதியில் மாட்டைத் திருப்பினீர்கள். சாவடிக்காரர் ஓடிவந்தார்.

"இந்தச் சீட்டு வழியில போறதுக்கு. உருட்டறதுக்கு இல்ல," என்றார்.

உருளையைச் சாவடிக்கு இழுத்துப்போய்ச் சங்கிலி போட்டுவிட்டார்கள். ஒரு கல்லுக்குச் சங்கிலி போட்டு நான் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். அந்தப் பக்கம் கொட்டிய கிளிஞ்சலை எல்லாம் வாரிவிட்டு, நிலத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தால் உருளையை விடுவோம் என்றார்கள். இங்கே நம் சபையோ, மழைக்கு முன்னால் உருளை வந்து சேராவிட்டால் நீங்களும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது. கிளிஞ்சலை வாரினால் உங்கள் வேலை பிழைக்கும். வாராவிட்டால் செங்கேணியின் சுவர் பிழைக்கும், அதுவும் மழைக்கு முன்னால் அது இறுகினால்தான்.

வாரிவிடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. புதுப் பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள்? நீங்கள் என் தலையில் கை வைத்து, "நீ சொல்றது சரிதான்," என்றீர்கள். சரிதான் என்று சொல்லிவிட்டு அதைச் செய்யாமல் இருப்பது உங்கள் வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை பல் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு கரையில் நின்றீர்கள். ஒரு தோணியைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அடியில் பனங்கட்டைகளை வரிசையாகப் போட்டு, கயிற்றைக் கட்டி இழுக்க, கட்டைகள் உருள உருளத் தோணி மேலே ஏறியது. கட்டை உருண்ட இடமெல்லாம் மணல் தளம் போட்டதுபோல அமுங்கிக் கிடந்தது. குச்சியைத் துப்பக்கூட மறந்து குடிசைக்கு ஓடிவந்தீர்கள். "உருளதான வேணும்?" என்றீர்கள். எனக்குப் பைத்தியம் பிடித்த ஆளைக் கட்டிக்கொண்டோமோ என்று இருந்தது.

கடலுக்குப் போகாமல் கிடந்த பழைய பெரிய தோணி ஒன்றைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஈர மணலை நிரப்பினார்கள். அடியில் பனங்கட்டைகள். வலை இழுக்கும் கயிற்றை இரண்டு தேசத்து ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் செங்கேணியும் மற்றப் பெண்களும் தண்ணீர் தெளித்துப் போனார்கள். ஏலேலோ பாட்டோடு அந்தத் தோணி, தண்ணீரே இல்லாத இடத்தில், சவுக்குகளுக்கு நடுவே அசைந்து அசைந்து போயிற்று. அடியில் கிளிஞ்சல் நொறுங்கும் சத்தம். நான் வாசலில் நின்று பார்த்தேன். விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சாவடிக்காரரும் வந்து நின்றார். சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். தோணிக்குச் சாலையில் என்ன சட்டம் என்று அவருக்கும் தெரியவில்லை.

"தோணியா?" என்றார்.

"தோணிதாங்க. கர மாத்தறோம்," என்றாள் செங்கேணி.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்ததும் சொம்பை என் கையில் கொடுத்தீர்கள். எப்போதும் நீங்களே ஊற்றுவீர்கள், அன்று மட்டும் என்னை ஊற்றச் சொன்னீர்கள். சிவப்பும் வெள்ளையும் சேரும் நடுக்கோட்டில் ஊற்றினேன். தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. பாதி நம் பக்கம், பாதி அவர்கள் பக்கம், ஓரத்துக் கால்வாய் வரை நிற்காமல் ஓடிற்று. "நிக்கல," என்றீர்கள். அவ்வளவுதான். உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்களை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மழை வந்தது. செங்கேணியின் வாசலில் தண்ணீர் நிற்கவில்லை. உருளை வந்து சேராததால் உங்கள் வேலை போயிற்று. வெள்ளைக் குடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாம் முதலியார்பேட்டைக்குக் குடிவந்தோம். நீங்கள் ஆலையில் சேர்ந்து, தலைமயிரில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தீர்கள். நான் நெடுநாள் முணுமுணுத்தேன், நீங்கள் அதைத் தாங்கிக்கொண்டீர்கள். ஆனால் மழை நாட்களில், பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது, ஒரே குடையின் கீழ் தெருத்தெருவாகச் சுற்றி அழைத்துப்போவீர்கள், எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க. கடற்கரைப் பாண்டு வாத்தியத்தை நாம் கேட்கவே இல்லை. புடவை நனைந்து, கால் சேறாகி, யார் யாருடைய வாசலிலோ நின்று நீர் போகும் வழியைப் பார்த்தோம். வேறு எந்தப் பெண்டாட்டிக்கும் இப்படி ஒரு உலாத்தல் கிடைத்திருக்காது. ஆலைப் பஞ்சு உங்கள் நெஞ்சில் இறங்கிய பிறகும், படுக்கையில் இருந்தபடி, "மழையா, சவுக்கா?" என்று கேட்பீர்கள். இங்கே ஏது சவுக்கு?

எழுதிக்கொண்டு வந்ததை இங்கே நிறுத்தி வைத்திருந்தேன். நேற்று கல்லறைத் திருநாள்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். போன வருஷ மழையில் உங்கள் கல்லறை மேட்டு மண் அமுங்கி, நடுவில் பள்ளமாகி, தண்ணீர் தேங்கிவிட்டது. உங்கள் மேலேயே தண்ணீர் நின்றதைப் பார்த்து நான் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். அதனால் இந்த வருஷம் நம் வாசலில் கொம்யூன்காரர்கள் குவித்திருந்த சரளையில் ஒரு கூடையை, மேஸ்திரி பார்க்கும்போதே அள்ளிக்கொண்டேன். "எதுக்கும்மா?" என்றான். "எங்க வூட்டுக்காரரு ரோட்டுக்கு," என்றேன். உங்கள் வேலையைப் பிடுங்கிய சபையிடமிருந்து ஒரு கூடை மண் எடுத்தால் என்ன?

கல்லறையில் செங்கேணி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மீன் கூடை நிறையக் கிளிஞ்சல் கொண்டுவந்திருந்தாள். உங்கள் உருளை இன்னும் சாவடி ஓரத்திலேயே கிடக்கிறதாம், அதன்மேல்தான் வலை காயப்போடுகிறாளாம். இருவரும் முழங்காலிட்டு, ஒரு பாதி சரளை, ஒரு பாதி கிளிஞ்சலாகக் கொட்டி, கையாலேயே தட்டித் தட்டி ஆமை முதுகாக்கினோம். பக்கத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு நான் உங்கள் சொம்பால் நடுவில் தண்ணீர் ஊற்றினேன்.

செங்கேணி கன்னம் மண்ணில் படும்படி குனிந்து பார்த்தாள்.

"நிக்கல யம்மா," என்றாள்.