ராணி முகத்துப் பிசிறு

புரட்டாசி 20, திங்கள்

தூறல். துணி காயவில்லை.

பெரிய பேரன் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். சின்னவன் பாலிடெக்னிக், எல்லாம் பாஸ். பேத்தி செல்வி ஓவியக் கல்லூரி முடித்தவள். எங்கள் வம்சத்தில் பேப்பரில் பெயர் வந்தது அவளுக்குத்தான்.

நாளை கோயம்புத்தூரில் அவள் கண்காட்சி. எனக்கு என்ன புரியும் என்றேன். "உன் மக கதைதான் அப்பத்தா, வா."

மகள் ராணி. நூல் மில் வேலைக்கு ஹாஸ்டலுக்குப் போனாள், ஏழு மாதம். காய்ச்சல் என்றார்கள். பிணமாக வந்தாள். அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இருந்த ஒரே போட்டோ மில் அடையாளக் கார்டில். செல்வி கேட்டாள், கொடுத்தேன்.

செவ்வாய்

வெயில். முழங்கால் வலி. சீக்கிரமே போய்விட்டேன்.

வெள்ளை அறை. நடுவில் ஆள் உயரப் பனியன் துணி. அதில் நூலாலேயே ராணி. அதே கோணல் வகிடு. உட்கார்ந்துவிட்டேன்.

முகமெல்லாம் நூல் தொங்கியது, தரை வரை. செல்வி டீ வாங்கப் போயிருந்தாள். பனியன் கம்பெனி செக்கிங்கில் இருபது வருடம் இருந்தவள் நான். பிசிறோடு பீஸை வெளியே விடலாமா? பையில் நூல் வெட்டும் கட்டர் எப்போதும் உண்டு. கன்னத்தைத் தடவித் தடவி, ஒன்று விடாமல் வெட்டினேன்.

"அப்பத்தா, என்ன பண்ணிட்ட?"

"பிசிறு தாயி. சுத்தம் பண்ணிட்டேன்."

"பிசிறில்ல. அத்தை மில்லுல கெடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நூலு. யாருமே எழுதி வைக்காத நாளு."

வாசலில் இருந்த வாட்ச்மேன் அம்மா, "ஏனுங்க, கம்பெனி ஆர்டர்னு நெனச்சுப்போட்டீங்களா?" என்று சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. துணியைக் கழற்றினாள்.

வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. செல்வி போன் எடுக்கவில்லை. மகன் சொன்னான்: "பெங்களூரு போயிட்டாம்மா. கொஞ்ச நாள் விடு."

ராணியைக் கொண்டுவந்து கிடத்திய அன்றும் என் கை சும்மா இல்லை. எல்லாரும் அழுதார்கள். நான் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த மில் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் செல்வியிடம் சொன்னதில்லை.

ஞாயிறு

மழை. செல்விக்குத் தபால் கார்டு. பஞ்சு பற்றி எழுதினேன், அடித்துவிட்டேன், திரும்ப எழுதினேன். கடைசியில் மிச்சம் இடம் கொஞ்சம்தான், அதில்:

உன் போட்டோ என்னிடம் இருப்பது பள்ளிக்கூட யூனிபார்மில். ஒரே போட்டோவோடு நின்றுபோனவள் எனக்கு ஒருத்தி போதும். கோபத்தோடு இருந்தாலும் பரவாயில்லை, இப்போது எடுத்தது ஒன்று தபாலில் போடு தாயி.